இரண்டு மணிமுத்தாறு

ஜூன் 3, திங்கள்

புது சர்வர் வந்து இறங்கியது. கொண்டுவந்த ஆட்கள் அதை ஃப்ரிட்ஜ் மாதிரி நிமிர்த்தி வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். நானும் பிரிஸ்கில்லாவும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் படுக்கவைத்து ராக்கில் ஏற்றினோம். அவளுக்கு நகம் உடைந்தது. என் இடுப்பு இன்னும் நிமிரவில்லை.

இந்த லேபில் சர்வர்களைக் கட்டி மேய்ப்பது என் வேலை. அதில் ஓடுகிற ரிப்போர்ட் மென்பொருளைப் பார்த்துக்கொள்வது பிரிஸ்கில்லாவின் வேலை. ரத்தப் பரிசோதனை, ஸ்கேன், நான்கு ஊர்க் கிளைகள், எல்லாம் இதுவரை ஐந்து பழைய பெட்டிகளில்தான் ஓடுகின்றன. பில் போடுகிற பெட்டியில் விசிறி கரகரக்கும். தலையில் ஒரு தட்டு தட்டினால் அடங்கும். ஒரே ஒரு நல்ல சர்வர் வாங்கி, லினக்ஸ் போட்டு, அதற்குள் ஐந்து விர்ச்சுவல் மெஷின் ஓட்டலாம் என்று மூன்று வருடமாகச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. போன மாதம் டை கட்டிய ஒருவன் சென்னையிலிருந்து வந்து அதையே சொன்னான். எங்கள் முதலாளி டாக்டர் கோமதிநாயகத்துக்கு உடனே புரிந்துவிட்டது. டை கட்டிச் சொன்னால்தான் காதில் ஏறும் போல.

அம்மாவுக்கு விர்ச்சுவல் மெஷின் என்றால் என்னவென்று விளக்கினேன்.

"நம்ம வளவு மாதிரியா?" என்றாள்.

நாங்கள் குடியிருப்பது ஐந்து வீட்டு வளவு. ஒரே வாசல், ஒரே மோட்டார். உள்ளே போனால் அவரவர் வீடு, அவரவர் சண்டை. அதேதான் என்றேன்.

"அப்ப மோட்டார் கெட்டுதுன்னா அஞ்சு வீட்டுக்கும் தண்ணி வராதுலா?"

தோசையைத் திருப்பிப் போட்டேன்.

ஜூன் 9, ஞாயிறு

ஞாயிறு மதியத்துக்கு மேல் லேப் பூட்டியிருக்கும். இனி எங்கள் இடமாற்ற வேலை எல்லாம் ஞாயிற்றுக்கிழமைதான்.

பெரிய சர்வருக்கு, தாமிரபரணியின் பழைய பெயரான பொருநையை வைத்தேன். உள்ளே வரப்போகிற ஐந்துக்கும் பெயர் வேண்டுமே. "மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான்னு வைப்போம்ட்டி," என்றாள் பிரிஸ்கி.

"அஞ்சாவதுக்கு?"

"அப்போஸ்தலர்." விரல் விட்டு எழுத்துகளை எண்ணினாள். "வேண்டாம், டைப் அடிக்கதுக்குள்ள விடிஞ்சிரும்."

கடைசியில் பொருநையில் வந்து கலக்கிற ஆறுகளின் பெயர்களையே வைத்தோம். பில்லுக்குச் சேர்வலாறு, ஸ்கேன் படங்களுக்குப் பச்சையாறு, கிளைகளோடு பேசக் கடனா, சோதித்துப் பார்க்கச் சிற்றாறு. நோயாளிகளின் பெயர், ரத்த முடிவு, எல்லாம் இருக்கப் போகிற பெரிய மெஷினுக்கு மணிமுத்தாறு.

சிற்றாறு முதலில் எழுந்தது. பெட்டியே இல்லாத ஒரு கம்ப்யூட்டர், தனக்கு டிஸ்க் இருக்கிறது, நினைவகம் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஓடுகிறது. எத்தனை தடவை செய்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

ஜூன் 16, ஞாயிறு

சேர்வலாறு வந்தாயிற்று. கரகரப் பெட்டியை அணைத்தோம். அறை ரொம்ப அமைதியாகிவிட்டது.

ஜூன் 25, செவ்வாய்

பிரிஸ்கிக்கு வயிற்றில் புண். சாப்பிட மறந்துவிடுவாள், பிறகு வலியில் சுருண்டுகொள்வாள். அவள் புருஷன் செல்வினுக்கு வேலை போனதிலிருந்து இது இன்னும் அதிகம். சென்னையில் அவர் வேலை பார்த்த கம்பெனியை இழுத்து மூடிவிட்டார்கள். இவளும் பிள்ளையும் இருக்கிற பாளையங்கோட்டைக்கே திரும்பி வந்து எட்டு மாதமாக வீட்டில் இருக்கிறார். நானும் தெரிந்த இடத்துக்கெல்லாம் அவருடைய விவரங்களை அனுப்பிப் பார்த்தேன்.

மெஷினுக்குள் நுழைந்ததும் திரையில் ஒரு வரவேற்பு வரி வரும். பெரும்பாலும் "அனுமதியற்றோர் நுழையக் கூடாது" என்று மிரட்டல்தான் எழுதுவார்கள். நான் எல்லா மெஷினிலும் ஒரே வரி எழுதி வைத்தேன்: "ஏட்டி, சாப்ட்டியா?"

பிரிஸ்கி பார்த்துவிட்டுச் சிரித்தாள். பிறகு நிஜமாகவே எழுந்து சாப்பிட வந்தாள். இன்று அம்மா வைத்த தேங்காய்ப்பால் சொதி. அம்மா எப்போதும் இரண்டு டப்பா கட்டுவாள், ஒன்று பிரிஸ்கிக்கு.

ஜூலை 4, வியாழன்

கோயம்புத்தூரிலிருந்து போன். பெரிய மருத்துவமனை ஒன்றில் சர்வர் பிரிவுக்குத் தலைமைப் பொறுப்பு. இங்கே ஒன்பது வருடமாக எனக்குப் பதவியின் பெயரே சரியாக இல்லை. சம்பளச் சீட்டில் "கம்ப்யூட்டர் உதவி" என்று போட்டிருக்கிறது. ஒரு வாரத்தில் பதில் சொல்ல வேண்டும்.

அம்மா, "நீ போற இடத்துக்கு நானும் வாரேன், சிறுவாணித் தண்ணி நல்லாருக்குமாம்," என்கிறாள். பாதி சாமான் மனதிலேயே கட்டிவிட்டாள்.

ஜூலை 6, சனி

பிரிஸ்கியிடம் சொன்னேன். டப்பாவை மூடிவிட்டாள்.

"நீ போயிட்டா இத யாருட்டி பாக்கது? பாதிலதான நிக்கி."

"நோட்டீஸ் காலத்துல முடிச்சுக் குடுத்திருவேன்."

"டாக்டர்கிட்ட நான் பேசுதேன். மாத்தி முடிச்சதும் உன்னயத் தலைமையாப் போடச் சொல்லுதேன். எங்கயோ போய் தெரியாத ஆளுககிட்ட முதல்ல இருந்து ஆரம்பிக்கணுமா?" மூடிய டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, "நீ இல்லன்னா நான் யார்கூட உக்காந்து சாப்பிட?" என்றாள். கண் கலங்கியிருந்தது. அவள் எளிதில் அழுகிறவள் இல்லை.

ஜூலை 8, திங்கள்

கோயம்புத்தூருக்கு மறுப்புச் சொல்லிவிட்டேன். அம்மா இன்று என்னிடம் பேசவில்லை. நாளைக்குச் சரியாகிவிடும்.

ஜூலை 21, ஞாயிறு

ஆடித் தபசு. அம்மாவைச் சங்கரன்கோவிலுக்குக் கூட்டிப் போயிருந்தேன். கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு நிற்கிறேன், பிரிஸ்கியிடமிருந்து போன். பொருநைக்குள் இதுவரை வந்த மெஷின்கள் எல்லாம் அப்படியே உறைந்து நிற்கின்றன.

தப்பு என்னுடையது. டிஸ்க்கில் இருப்பதைவிட அதிகமாகப் பங்கு போட்டுக் கொடுக்கலாம். ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு படி அரிசி என்று சொல்லிவிட்டு, பானையில் மூன்று படிதான் வைத்திருப்பது. யாரும் ஒரே நாளில் முழுசாகக் கேட்கமாட்டார்கள் என்ற நம்பிக்கைதான். பச்சையாறு ஸ்கேன் படங்களைக் குவித்துக் கேட்டுவிட்டது. இடமில்லாமல் எல்லாம் நின்றுவிட்டன.

போனிலேயே சொல்லிச் சொல்லிச் சிற்றாற்றின் பழைய நகல்களை அழிக்க வைத்தேன். பிரிஸ்கி எதை அடிப்பதற்கு முன்னும் "கிளியர்" என்று அடித்துத் திரையைச் சுத்தமாக்கிக்கொள்வாள். இலை போடுவதற்கு முன் மேசையைத் துடைக்கிற மாதிரி. இந்த நெருக்கடியிலும் அதை விடவில்லை.

"அடிச்சிட்டியா?"

"இரு, கிளியர் பண்ணிக்கிடுதேன்."

கோமதியம்மன் தரிசனத்தில் நான் சத்தம் போட்டு வைதது அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மெஷின்கள் எழுந்துவிட்டன.

ஜூலை 23, செவ்வாய்

டாக்டர் கூப்பிட்டார். "உங்களுக்கு ஒண்ணு ஆயிட்டா என்னம்மா பண்றது?" என்று என்னைப் பார்த்தே கேட்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை, தபசுக்குத்தான் போனேன் என்றேன்.

பிரிஸ்கிதான் சமாதானம் சொன்னாள். எல்லாவற்றையும் எழுதி வைப்போம், யார் வந்தாலும் ஓட்டுகிற மாதிரி. வெளியே வந்ததும், "எனக்குப் புரியுத மாதிரி எழுதுட்டி. ஒண்ணுந் தெரியாத ஆளு படிச்சாலும் ஓட்டணும்," என்றாள்.

அவள் சொல்வதும் நியாயம்தான். நாளைக்கு நான் தலைமை ஆனால் எனக்குக் கீழே வருகிறவர்களுக்கும் உதவும்.

ஆகஸ்ட் 1, வியாழன்

எழுதிக்கொண்டே இருக்கிறேன். இன்று, ஒரு மெஷின் செத்துப்போனால் என்ன செய்வது என்ற பகுதி. பேக்கப் எடுத்து வைத்த டிஸ்க்கை வேறொரு சர்வரில் வைத்து, அதே பெயர், அதே முகவரியோடு எழுப்ப வேண்டும். கிளைகளில் இருக்கிற கம்ப்யூட்டர்களுக்குப் பழையது போனதே தெரியக் கூடாது.

முதல் வரியை மட்டும் சிவப்பில் எழுதினேன்: "பழையது நிஜமாகவே ஓடவில்லை என்று உறுதி செய்த பிறகே தொடங்கவும்." பழையது இருக்கும்போதே புதியதை எழுப்பிவிட்டால் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் ஆகிவிடும். தபால்காரன் ஒரு கடிதத்தை இங்கே போடுவான், அடுத்ததை அங்கே போடுவான். யாருக்கு எது வந்தது என்று யாருக்கும் தெரியாது.

இவ்வளவு அழகாக நான் எதையும் எழுதியதில்லை. நானே இரண்டு தடவை படித்தேன்.

ஆகஸ்ட் 7, புதன்

இரண்டாவது மாடியில் காலியாகக் கிடந்த அறைக்கு ஏசி மாட்டுகிறார்கள். தனிக் கரண்ட் லைனும் இழுக்கிறார்கள். என்னவென்று பிரிஸ்கியைக் கேட்டேன். பயிற்சி அறையாம். நம் டாக்டருக்கு யாருக்காவது பயிற்சி கொடுக்க வேண்டும் என்று தோன்றியதே அதிசயம்.

பிரிஸ்கி இன்று சாப்பிட வரவில்லை. வயிறு சரியில்லையாம். டப்பாவைத் திருப்பிக் கொண்டுவந்தால் அம்மா நூறு கேள்வி கேட்பாள் என்று நானே இரண்டையும் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

இன்றும் வரவில்லை. விரதம் என்றாள். எனக்குத் தெரிந்து அவர்கள் சபையில் இந்த மாதம் விரதம் எதுவும் இல்லை. இருக்கும், எனக்கென்ன தெரியும்.

என் பாஸ்வேர்டுகளை எல்லாம் உறையில் போட்டு ஒட்டி டாக்டரின் அலமாரியில் வைக்கச் சொன்னார்கள். உறையை வாங்கிப் போனது பிரிஸ்கி.

ஆகஸ்ட் 16, வெள்ளி

செல்வினுக்கு வேலை கிடைத்துவிட்டதாம். வரவேற்பில் இருக்கிற பெண் சொன்னாள். பிரிஸ்கியிடம் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். "யாருட்டி சொன்னா?" என்று முதலில் கேட்டாள். பிறகுதான் சிரித்தாள். சொந்தமாக ஏதோ ஆரம்பிக்கிறாராம், இன்னும் முடிவாகவில்லையாம். கண் பட்டுவிடும் என்று சொல்லாமல் இருந்திருப்பாள். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மணிமுத்தாறும் வந்துவிட்டது. கடைசிப் பழைய பெட்டியை அணைத்தேன். கிளைகளில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. திங்கள் காலை வழக்கம்போல ரத்தம் எடுப்பார்கள், வழக்கம்போல முடிவு வரும். என் தொழிலில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது.

டாக்டர் அல்வா கொடுத்தார். அது அல்வா என்பதற்கு மேல் நான் எதுவும் யோசிக்கவில்லை.

தலைமைப் பதவி பற்றி அவர் பேசுவார் என்று காத்திருந்தேன். "எல்லாம் எழுதியாச்சாம்மா?" என்று மட்டும் கேட்டார்.

ஆகஸ்ட் 29, வியாழன்

மணிமுத்தாறு வந்து வந்து போகிறது. காலையிலிருந்து அம்பாசமுத்திரக் கிளை கத்துகிறது. ஒரு முடிவைப் பதிகிறார்கள்; பதிந்தாயிற்று என்கிறது; மறுபடி பார்த்தால் இல்லை. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. பிறகு மறுபடி அதே கதை.

மெஷினைப் பார்த்தால் கல்லுக் குண்டாக ஓடிக்கொண்டிருக்கிறது.

பிரிஸ்கியிடம் ஓடினேன். "புதுசா வச்ச ரவுட்டரா இருக்கும்ட்டி, நாளைக்குப் பாத்துக்கிடுவோம், நீ வீட்டுக்குப் போ," என்றாள். என்னை இத்தனை சீக்கிரம் வீட்டுக்குப் போகச் சொல்லி அவளை நான் பார்த்ததே இல்லை. பாவம், அவளும் களைத்துப்போயிருந்தாள்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

நடந்ததை நடந்த வரிசையில் எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் நானே நம்பமாட்டேன்.

மதியம் அம்பாசமுத்திரத்திலிருந்து போன். டெங்கு சந்தேகத்தில் ஒரு கர்ப்பிணிக்கு ரத்தம் எடுத்திருக்கிறார்கள். தட்டணு எண்ணிக்கை ரொம்பக் குறைவு. பதிந்துவிட்டார்கள். ஆனால் அவளுக்கு வைத்தியம் பார்க்கிற மருத்துவர் திறந்து பார்த்தால் பக்கம் காலி. கிளையில் கையால் எழுதி அனுப்புங்கள் என்று சொல்லிவிட்டு, மணிமுத்தாற்றுக்குள் நுழைந்தேன்.

"ஏட்டி, சாப்ட்டியா?" என்று வழக்கம்போலக் கேட்டது. இல்லை என்று மனதில் சொல்லிக்கொண்டேன்.

உள்ளே அந்தக் கர்ப்பிணியின் முடிவு இருந்தது. அப்படியானால் மருத்துவருக்கு ஏன் தெரியவில்லை? வேறு யாராவது உள்ளே இருக்கிறார்களா என்று பார்த்தேன். இருந்தார்கள். என் பெயரிலேயே. நான் திறந்து வைத்துவிட்டு மறந்த பழைய ஜன்னலாக இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் அது இரண்டாவது மாடி முகவரியிலிருந்து வந்திருந்தது.

லினக்ஸில் ஒரே மெஷினுக்குள் இருக்கிறவர்கள் ஒருவர் திரையில் இன்னொருவர் எழுதலாம். இப்போது யாரும் அப்படிச் செய்வதில்லை. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே என் திரையில் ஒரு வரி விழுந்தது. ஆங்கில எழுத்தில் தமிழ்.

"பிரிஸ்கி, நீதான? செண்பகம் சாப்பிடப் போயாச்சா? நீ குடுத்த பக்கத்துல உள்ளபடிதான் எழுப்பினேன், இது ஏன் விழுந்து விழுந்து எந்திரிக்குது?"

செண்பகம் நான்தான்.

நான் இருந்தது மணிமுத்தாறே இல்லை. மணிமுத்தாற்றின் நகல். அசலின் பெயர், அசலின் முகவரி, அசலின் சாவி, என் பாஸ்வேர்டு. அதனால்தான் அது என்னை மறுக்கவில்லை. கதவு எண்ணைப் பார்த்து நானும் அந்தத் தபால்காரனைப் போலவே தப்பான வீட்டுக்குள் நுழைந்திருக்கிறேன். நான் இல்லாமல் ஓட்டிப் பார்க்கத்தான் போல, நான் எழுதிய பக்கத்தைப் பார்த்து என் மெஷினை இன்னொரு சர்வரில் எழுப்பியிருக்கிறார்கள். சிவப்பில் எழுதியிருந்த முதல் வரியை மட்டும் செய்யவில்லை. பழையது போய்விட்டதா என்று பார்க்கவில்லை.

"போகல. இங்கதான் இருக்கேன்," என்று அடித்தேன்.

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

மாடிக்குப் போனேன். பயிற்சி அறையில் ஒரு மேசை, ஒரு சர்வர், செல்வின். இஸ்திரி போட்ட சட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். "செண்பகம், நான் சொல்லுதேன்..."

"அப்புறம் சொல்லுங்க. முதல்ல இதோட நெட்வொர்க்கை அறுங்க. அணைச்சிராதீங்க. உள்ள நேத்துலருந்து விழுந்த முடிவெல்லாம் இருக்கு."

இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தோம். எந்தெந்த முடிவு நகலுக்குள் விழுந்தது என்று பிரித்து, ஒவ்வொன்றாக அசலுக்குள் ஏற்றினோம். கர்ப்பிணியின் முடிவை முதலில் ஏற்றினேன். செல்வின் நன்றாகவே வேலை செய்தார். நான் கேட்பதற்கு முன்பே எடுத்துக் கொடுத்தார். தத்தியாக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

முடிக்கிற சமயத்தில் பிரிஸ்கி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன்.

"சாப்ட்டியா?" என்றாள்.

கீழே இறங்கி வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 31, சனி

இன்று எதுவும் எழுதப் போவதில்லை. எழுதினால் கெட்ட வார்த்தைதான் வரும்.

செப்டம்பர் 2, திங்கள்

டாக்டர் உட்காரச் சொன்னார். ஒன்பது வருடத்தில் முதல் தடவை.

"இது உங்க வேலையில குறை சொல்றது இல்லம்மா. எல்லாரும் இப்ப ஒப்பந்தத்துக்குப் போறாங்க. செல்வின் சொந்தமா கம்பெனி ஆரம்பிச்சிருக்கார். நம்ம சர்வர், கிளைகள் எல்லாம் அவர் பாத்துக்குவார். நீங்க இவ்வளவு நல்லா செட் பண்ணி, எழுதியும் வச்சுட்டீங்க. இனி யார் வேணும்னாலும் ஓட்டிக்கலாம்."

நல்லாச் செய்ததுதான் என் குற்றம். கொஞ்சம் அரைகுறையாக விட்டிருந்தால் இன்னும் பத்து வருடம் என்னைத் தாங்கியிருப்பார்கள்.

"எப்ப சார் முடிவு பண்ணினீங்க?"

"அது ஜூன்லயே பேசினதுதான். மாத்துற வேலை முடியட்டும்னு இருந்தோம்."

ஜூன்.

கோயம்புத்தூர் போன் வந்தது ஜூலையில். அவள் டப்பாவை மூடியது ஜூலையில். நான் யார்கூட உட்கார்ந்து சாப்பிட என்று கண் கலங்கியது ஜூலையில்.

வேலை போனது வலிக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அதற்கு இன்னொரு வேலை தேடிக்கொள்ளலாம். இதற்கு எங்கே போய்த் தேடுவது?

செப்டம்பர் 3, செவ்வாய்

அவளே வந்தாள். கதவைச் சாத்தினாள். நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"எட்டு மாசம்ட்டி. எங்க வீட்டுக்காரவ காலைல எந்திரிச்சு, குளிச்சு, சட்டைய இஸ்திரி போட்டு மாட்டிக்கிட்டு, எங்கயும் போகாம சோபால உக்காந்திருப்பாவ. பிள்ள பள்ளிக்கூடத்துல இருந்து வந்து கேக்கும், அப்பா ஆபீஸ் போயிட்டு வந்துட்டீங்களான்னு. ஆமான்னு சொல்லுவாவ. அத நீ பாக்கல."

"எங்கிட்ட கேட்டிருக்கலாம்லா."

"உன் வேலையக் குடுன்னா கேக்கச் சொல்லுத?"

"ஆமா. கேட்டிருந்தா நான் கோயம்புத்தூர் போயிருப்பேன். அவர் இங்க உக்காந்திருப்பாரு. நீ என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா மூணு பேரும் பிழைச்சிருப்போம்."

அவள் இதை யோசித்துப் பார்த்திருக்கவே இல்லை. முகத்தைப் பார்த்தால் தெரிந்தது.

"நீ பாதில போயிட்டா வேலை நின்னுரும், ஒப்பந்தமும் கிடையாதுன்னு டாக்டர் சொன்னாவ. நான் பயந்துட்டேன்."

"அழுததும் டாக்டர் சொல்லித்தானா?"

"இல்லட்டி. அது நெசம்." அவள் சத்தம் இறங்கிவிட்டது. "சத்தியமா நெசம்."

நெசமாகத்தான் இருக்கும். அதை வைத்து நான் என்ன செய்ய? நம்பினாலும் எரிகிறது, நம்பாவிட்டாலும் எரிகிறது. பொய்யென்று தெரிந்தால் தலை முழுகிவிட்டுப் போகலாம்.

செப்டம்பர் 5, வியாழன்

கோயம்புத்தூருக்குப் போன் செய்தேன். இடம் நிரம்பிவிட்டதாம். ரொம்ப மரியாதையாகச் சொன்னார்கள்.

அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை. தினமும் இரண்டு டப்பா கட்டுகிறாள். ஒன்றை வாட்ச்மேன் அண்ணாச்சிக்குக் கொடுத்துவிடுகிறேன். சொதியில் இஞ்சி கொஞ்சம் தூக்கல் என்கிறார்.

செப்டம்பர் 10, செவ்வாய்

தூத்துக்குடியில் ஒரு கப்பல் சரக்கு அலுவலகத்தில் வரச் சொல்லியிருக்கிறார்கள். திங்கட்கிழமை நேர்காணல்.

பொருநையை அப்படியே குட்டிச்சுவராக்கிவிட்டுப் போகலாம் என்று இன்று முழுக்க ஒரு நினைப்பு. ஒரு வரிதான். ஐந்து ஆறும் வற்றிவிடும். என் விரல்களுக்கு அந்த வரி தெரியும். பிறகு அம்பாசமுத்திரக் கர்ப்பிணியின் ஞாபகம் வந்தது. அவள் தேறிவிட்டாளாம், கிளையில் கேட்டேன். போய்த் தொலையட்டும், ஓடட்டும்.

செப்டம்பர் 13, வெள்ளி

கடைசி நாள். டாக்டர் ஊரில் இல்லை. ஒப்படைப்பு வாங்கிக்கொள்ளச் செல்வினை அனுப்பியிருக்கலாம், பிரிஸ்கிதான் வந்தாள்.

எல்லாம் கொடுத்தாயிற்று. ஐந்து மெஷினிலிருந்தும் என் கணக்கை அழிப்பதுதான் பாக்கி.

"நீயே அழிச்சிரு," என்றாள்.

"முடியாது. நான் உள்ள இருக்கையில என்னய அழிக்க விடாது. நான் வெளிய வந்த பிறகு வேற ஒருத்தர் உள்ள போய் அழிக்கணும்."

அது உண்மைதான். சுற்றுவழி ஒன்று உண்டு என்பதும் உண்மை. அதை நான் சொல்லவில்லை.

ஒவ்வொன்றாக வெளியே வந்தேன். நாற்காலியை விட்டு எழுந்தேன். அவள் உட்கார்ந்தாள். பின்னால் நின்றுகொண்டேன்.

முதலில் சிற்றாறு. உள்ளே நுழைந்ததும் "ஏட்டி, சாப்ட்டியா?" என்று கேட்டது. வேகமாகக் கிளியர் அடித்தாள். வரி போய்விட்டது. என் பெயரை அடித்து அழித்தாள். கேள்வி எதுவும் கேட்காமல் மெஷின் ஒப்புக்கொண்டது.

சேர்வலாறு. "ஏட்டி, சாப்ட்டியா?" கிளியர். அழித்தாள்.

பச்சையாறு. கடனா. ஒவ்வொரு வாசலிலும் அது அவளிடம் கேட்டது. ஒவ்வொரு தடவையும் அவள் துடைத்தாள். தோள் குறுகிக்கொண்டே வந்தது.

கடைசியில் மணிமுத்தாறு. அசல். வரி வந்தது. அவள் விரல் கீபோர்டின் மேல் இருந்தது, நகரவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக அவள் கிளியர் அடிக்கவில்லை. அந்த வரிக்குக் கீழேயே என் பெயரை அடித்து அழித்தாள்.

"இந்த வரிய எடுத்திரவா?" என்று திரும்பாமலே கேட்டாள்.

"அது உனக்கு எழுதினது. உன் இஷ்டம்."

பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். படிக்கட்டில் இரண்டாவது மாடி ஏசியின் சத்தம் கேட்டது. புதுசு இல்லையா, கரகரப்பே இல்லை.

செப்டம்பர் 16, திங்கள்

தூத்துக்குடி பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். இன்றும் சொதிதான். அம்மா இரண்டு டப்பாவை எடுத்துக் கழுவி அடுக்களை மேடையில் வைத்தாள்.

ஒன்று போதும் என்றேன்.

"ஏன், பிரிஸ்கில்லா வரலியா?"

"சாப்பிட்டுருப்பா," என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு டப்பாவைத் துடைத்துத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு, இருந்த சொதி முழுவதையும் இன்னொன்றில் ஊற்றி மூடினாள்.